டெஸ்ட் ஒன்றுதான்... பில் யாருக்கு?

அமெரிக்காவில் கொலஸ்ட்ரால் டெஸ்ட்டுக்கு பில்லிங் எண் 80061. ஆனால், பணம் யார் கட்டுவது என்பதைத் தீர்மானிப்பது, டாக்டர் கூடவே எழுதும் நோய்க் குறியீடுதான். 'இசட்13.220' என்றால் முன்னெச்சரிக்கைப் பரிசோதனை. பெரும்பாலும் இன்ஷூரன்ஸே முழுசாகக் கட்டிவிடும். 'இ78.5' என்றால் ஏற்கெனவே கொழுப்பு அதிகம் என்று அர்த்தம். டிடக்டிபிள் தொகை தீரும்வரை பில் நோயாளி தலையில். ஊசி குத்தி ரத்தம் எடுத்ததற்கு 36415 என்று தனி வரி வேறு!

லேபில் கேட்டால் இன்ஷூரன்ஸைக் கைகாட்டுவார்கள், இன்ஷூரன்ஸில் டாக்டரை. நோய்க் குறியீட்டை லேப் தன்னிஷ்டத்துக்கு மாற்றவும் முடியாது. வரிவாரியான பில்லை வாங்கி, குறியீடு தவறென்றால் டாக்டர் அலுவலகத்திலேயே திருத்தச் சொல்லி, மறுபடி கிளெய்ம் அனுப்பவைக்க வேண்டும். பில் வசூல் ஏஜென்சிக்குப் போவதற்குள்!