நாலு போர்ஷன் கனவா? ரெண்டில் தொடங்குங்கள்!

‘புறநகரில் ஒரு கிரவுண்டு கிடக்கிறது. ரிட்டயர்மென்ட் பணம் வந்ததும் கீழே ரெண்டு, மேலே ரெண்டுன்னு நாலு போர்ஷன் கட்டி விட்டுட்டா, பென்ஷன் மாதிரி மாசாமாசம் வாடகை வந்துடும்...’

நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. தப்பான ஆசை இல்லை. ஒரே வீடாகக் கட்டி வாடகைக்கு விட்டால், ஆள் காலி செய்த மாதம் வருமானம் பூஜ்யம். அதையே நாலு போர்ஷனாகப் பிரித்தால், ஒன்று காலியானாலும் மூன்றிலிருந்து வாடகை வரும்.

இப்போது இந்த ஆசைக்கு யூடியூபும் தூபம் போடுகிறது. ‘மல்டி ஃபேமிலி’ முதலீடு என்று அமெரிக்க வீடியோக்கள் வரிசை கட்டுகின்றன. ‘நாலு வீடு உள்ள கட்டடத்தைக் கடனில் வாங்கு, ஒன்றில் நீ இரு, மற்ற மூன்றின் வாடகை கடனை அடைக்கும்’ என்பது அவர்கள் சொல்லும் வழி. அங்கே அரசு காப்பீட்டோடு கிடைக்கிற எஃப்.ஹெச்.ஏ கடனில், நாமும் அங்கேயே குடியிருந்தால், நாலு வீடுகள் வரை உள்ள கட்டடத்தை 3.5% முன்பணத்தில் வாங்க முடியும். 30 ஆண்டுகளுக்கு வட்டி மாறாத கடனும் அங்கே சகஜம். நம் ஊரில் வீட்டுக் கடன் வட்டி பெரும்பாலும் ஏறி இறங்கும் வட்டிதான். அதனால் அந்தக் கணக்கை அப்படியே இங்கே போட முடியாது. நம் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம், வாருங்கள்.

காகிதத்தில் ஒரு கட்டடம்

மனை ஏற்கெனவே சொந்தம். கையில் 40 லட்சம் ரூபாய் இருக்கிறது. தலா 700 சதுர அடியில் நாலு போர்ஷன் கட்ட, சம்ப், செப்டிக் டேங்க், பிளான் அப்ரூவல் செலவெல்லாம் சேர்த்து 75 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். போர்ஷனுக்கு வாடகை 12,000 ரூபாய். உங்கள் ஊர் நிலவரத்துக்கு ஏற்ப இந்த எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். போடுகிற முறை ஒன்றுதான்.

நாலு போர்ஷனுக்கு மாதம் 48,000 ரூபாய். உடனே பன்னிரண்டால் பெருக்கிவிடாதீர்கள். ஆள் மாறும்போது வெள்ளையடிக்க, புது ஆள் வர என்று ஒரு மாதம் போய்விடும். பதினோரு மாதம் என்று வைத்தால் ஆண்டுக்கு 5,28,000. இதில் சொத்து வரி, மோட்டார் ரிப்பேர், பொது விளக்குக் கரன்ட், பெயின்ட், பிளம்பர் என்று 60,000 கழித்தால் மிச்சம் 4,68,000. அதாவது மாதம் 39,000.

துண்டு விழும் 35 லட்சத்தை 8.5% வட்டியில் 20 ஆண்டுகளுக்குக் கடன் வாங்கினால், இ.எம்.ஐ சுமார் 30,400. கையில் நிற்பது 8,600 ரூபாய்தான்! ஏதாவது ஒரு மாதத்தில் ரெண்டு போர்ஷன் சேர்ந்தாற்போல் காலியானால், வரும் வாடகை 24,000. இ.எம்.ஐக்கே ஆறாயிரத்துக்கு மேல் கையிலிருந்து போட வேண்டும். ரிட்டயர் ஆனவர் அதை எங்கிருந்து எடுப்பார்?

இப்போது அதே 40 லட்சத்தில் கீழே ஒன்று, மேலே ஒன்று என ரெண்டு போர்ஷன் மட்டும் கட்டுவோம். பின்னால் இன்னும் ரெண்டு சேர்க்கிற மாதிரி அஸ்திவாரத்தையும் பில்லரையும் இப்போதே பலமாகப் போட்டுவிடுகிறோம். கடன் கிடையாது. பதினோரு மாத வாடகை 2,64,000. செலவு 30,000 போக 2,34,000. மாதம் 19,500 ரூபாய்.

நாலு கட்டினால் 8,600. ரெண்டு கட்டினால் 19,500. கட்டடம் பாதியான பிறகு கைக்கு வரும் பணம் ரெண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. காரணம் எளிது. 75 லட்சம் போட்ட கட்டடம் ஆண்டுக்கு சுமார் 6.2% சம்பாதிக்கிறது. வங்கிக்கு நாம் கொடுப்பது 8.5%. கடன் வாங்கிய ஒவ்வொரு ரூபாயும் சம்பாதிப்பதைவிட அதிகமாகத் தின்கிறது.

மனையையும் காசு கொடுத்து வாங்குபவராக இருந்தால் இன்னும் கவனம் தேவை. மனைக்கு 80 லட்சம் என்றால் மொத்த முதலீடு 155 லட்சம், கிடைப்பது 3%தான். அங்கே லாபம் நிலத்தின் விலை ஏறுவதை நம்பித்தான் இருக்கிறது. அதை வைத்து மாதச் செலவை ஓட்ட முடியாது.

வயதும் ஒரு கணக்கு

‘வாடகை ஏறுமே’ என்பீர்கள். உண்மைதான். வாடகையும் செலவும் ஆண்டுக்கு 5% ஏறுகிறது என்று வைத்தாலும், நாலு போர்ஷன்காரரின் கைப்பணம் ரெண்டு போர்ஷன்காரரை எட்டிப்பிடிக்க ஒன்பது ஆண்டுகள் ஆகும். சம்பளம் வருகிற 38 வயதுக்காரர் தாராளமாகக் காத்திருக்கலாம். கடன் முடியும்போது அவருக்கு 58. முழு வாடகையும் அவருக்கே. 60 வயதில் தொடங்குபவருக்கு அந்த ஒன்பது ஆண்டுகள்தான் மருந்துக்கும் மாத்திரைக்கும் பணம் தேவைப்படுகிற ஆண்டுகள்.

தொடங்குமுன்...

* பிளானில் எத்தனை வீடு காட்டுகிறீர்களோ, அத்தனைதான் கட்ட வேண்டும். ‘ஒரே வீடுன்னு காட்டிட்டு உள்ளே பிரிச்சுக்கலாம்’ என்று மேஸ்திரி சொன்னால் தலையாட்டாதீர்கள். மீட்டர் வாங்கும்போதும், கடன் கேட்கும்போதும், விற்கும்போதும் அது முன்னால் வந்து நிற்கும். தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளம், முதல் தளம் கொண்ட வீடு கட்ட, சுயசான்று முறையில் உடனடி அனுமதி 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. சிறிதாகத் தொடங்குபவர்கள் இதை விசாரியுங்கள்.

* ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி கரன்ட் மீட்டர் வையுங்கள். வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அது குடித்தனக்காரருக்கே போய்ச் சேரும். ‘யூனிட்டுக்கு எவ்வளவு’ என்கிற சண்டையும் இருக்காது.

* அட்வான்ஸ் உங்கள் பணம் அல்ல, திருப்பித் தர வேண்டிய கடன். பத்து மாத அட்வான்ஸ் வாங்கி, அதில் டைல்ஸ் போட்டுவிட்டு, ஆள் காலி செய்யும்போது அலைபவர்கள் உண்டு. 2017-ல் இயற்றப்பட்டு, 2019-ல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகையைத்தான் அட்வான்ஸுக்கு அளவாகச் சொல்கிறது. வாங்கியதைத் தனி டெபாசிட்டில் போட்டு வையுங்கள்.

* அதே சட்டப்படி எழுத்துபூர்வ ஒப்பந்தம் கட்டாயம். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையோ கரன்ட்டையோ நிறுத்தக் கூடாது.

* வாடகை வருமானத்தைக் கணக்கில் காட்டுங்கள். கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30% பராமரிப்புக்கெனக் கழிவு கிடைக்கும். இதற்கு பில் காட்டத் தேவையில்லை. கடன் இருந்தால் வட்டிக்கும் கழிவு உண்டு.

பக்கத்துப் போர்ஷன் மனிதர்கள்

நீங்களும் அதே கட்டடத்தில் குடியிருக்கப் போகிறீர்கள் என்றால் இன்னொன்று. குடித்தனக்காரர் உங்கள் வீட்டு விருந்தாளியும் அல்ல, வேலையாளும் அல்ல. மொட்டைமாடியில் துணி காயப்போடும் நேரம், கேட் பூட்டும் நேரம், வண்டி நிறுத்துமிடம், மோட்டார் போடும் நேரம் இதையெல்லாம் முதல் நாளே பேசி எழுதிக்கொண்டால் பின்னால் முகம் கொடுத்துப் பேச முடியும். ஒழுங்காக வாடகை தந்து வீட்டைத் தன் வீடாகப் பார்த்துக்கொள்பவர் கிடைத்தால், ஐந்நூறு ரூபாய்க்காக அவரை விட்டுவிடாதீர்கள். அவர் காலி செய்து ஒரு மாதம் பூட்டிக் கிடந்தாலே 12,000 போச்சு. மாதம் 500 கூடுதலாக வாங்கி அதை ஈடுகட்ட ரெண்டு வருஷம் ஆகும்.

ரெண்டு போர்ஷனை மூன்று வருஷம் நடத்திப் பாருங்கள். எது எப்போது ரிப்பேராகும், எந்த மாதம் ஆள் மாறும் என்று கை பழகிவிடும். சேர்த்த வாடகையும் கொஞ்சம் இருக்கும். அஸ்திவாரம்தான் பலமாக இருக்கிறதே... அடுத்த ரெண்டு எங்கே ஓடிவிடப் போகிறது?