மலையைப் பிடித்தார்கள், மக்களைப் பிடிக்க முடிந்ததா?



வியட்நாம் யுத்தம் வடக்கும் தெற்கும் போட்ட அண்ணன் தம்பி சண்டையாம்! இன்றும் இப்படி எழுதுகிறவர்கள் உண்டு. பொய்!

1954 ஜெனீவா உடன்பாட்டில் 17-வது அட்சரேகையில் விழுந்தது தற்காலிகக் கோடு. 1956-ல் தேர்தல் நடத்தி நாடு ஒன்றாக வேண்டும் என்பதே ஏற்பாடு. தேர்தலுக்கு மறுத்தவன் யார்? தெற்கை ஆண்ட தியெம்! அவனைத் தாங்கி நின்றவன் யார்? அமெரிக்க ஏகாதிபத்தியம்!

பெருஞ்சண்டைகளின் கதை என்ன? 1968-ல் கேசான் முகாமை 77 நாள் முற்றுகையில் குண்டுமாரி பொழிந்து காத்தார்கள். அதே ஜூலையில் தாங்களே அதைக் கலைத்துவிட்டுக் கிளம்பினார்கள். 1969 மே மாதம் 937 மீட்டர் உயர ஆப் பியா மலையைப் பத்து நாள் ரத்தம் சிந்திப் பிடித்தார்கள். ஜூனில் விட்டு இறங்கினார்கள்! அங்கே மாண்ட அமெரிக்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளின் தாய்மாருக்கு என்ன பதில்?

மலை கைமாறியது, மக்கள் மாறவில்லை. காட்டுப் பாதையில் சுமை தூக்கிய குடியானவர்கள் ஓயவில்லை. 1975 ஏப்ரல் 30-ல் சைகோன் வீழ்ந்தது. 1976-ல் நாடு ஒன்றானது.

போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எடுக்கப் போகும் நமக்கு இதில் பாடம் உண்டு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பெயரால் வெறி மூட்டினார்கள். கூலிக்குப் போன நம் மக்கள் காட்டு வழியே உயிர் தப்பி இறங்கி வந்தார்கள். தமிழ்க் கூலிக்கும் மலையாளக் கூலிக்கும் என்ன பகை? கோடு கிழிப்பவனுக்கே லாபம், சாவது உழைப்பாளி!

ஆலைத் தொழிலாளியே! தோட்டக் கூலியே! நம்மிடையே எவன் கோடு கிழித்தாலும் அழித்தெறிவோம்!