நூறு டாலருக்குக் கைமாறிய வீரர்

காற்பந்து என்றதும் திடலில் காலால் உதைத்தாடும் ஆட்டம்தான் உங்கள் நினைவுக்கு வரும். அமெரிக்கர்களோ, பந்தைக் கையில் இறுக்கிக்கொண்டு ஓடுகிற, முட்டி மோதி ஆளைச் சாய்க்கிற ஓர் ஆட்டத்திற்கும் அதே பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்து வைத்திருக்கும் குழுவுக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். அவர்களை முன்னேற விடாமல் மறிப்பவர்கள் தற்காப்பு ஆட்டக்காரர்கள். புள்ளி எடுப்பவனுக்குத்தான் மாலையும் படமும். மறிப்பவனை யார் கவனிக்கிறார்கள்? (சமையற்கட்டிலும் இதே கதைதான் என்று தாய்மார்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது!)

அப்படி மறித்தே பெயர் வாங்கியவர் ஆலன் பேஜ். 1945இல் ஒஹாயோ மாநிலத்துக் காண்டன் நகரில் பிறந்த கறுப்பர். அந்த ஊரில்தான் இந்த ஆட்டத்தின் 'புகழ் மண்டபம்' எழுந்தது. அதைக் கட்டியபோது இளைஞர் பேஜ் அங்கே கூலிக்கு வேலை செய்தார். பின்னாளில் தம் சிலையும் அதனுள் வைக்கப்படும் என்று அப்போது யார் கண்டார்கள்!

நோட்ரடேம் பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்துவிட்டு, 1967இல் மின்னசோட்டா வைகிங்ஸ் குழுவில் சேர்ந்தார். 1971இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் தடவை. அவருடைய குழு நான்கு தடவை சூப்பர் பௌல் இறுதியாட்டம் வரை போனது. நான்கிலும் தோல்வி!

ஒருநாள் பயிற்சியாளர் ஆட்டத்திட்டப் புத்தகத்தைக் கொடுத்து, ஆளுக்குக் கொஞ்சமாய் உரக்கப் படிக்கச் சொன்னார். சிலருக்கு எழுத்துக் கூட்டவே வரவில்லை. பல்கலைக்கழகம் போய்வந்தவர்கள் அவர்கள்! பந்தாட்டத்தில் கெட்டிக்காரன் என்பதற்காக வகுப்புக்கு வகுப்பு தூக்கிவிடப்பட்டவர்கள். பேஜால் இதை மறக்க முடியவில்லை.

அவரே முன்பு சட்டப்படிப்பில் சேர்ந்து மூன்றே வாரத்தில் ஓடிவந்தவர்தான். மறுபடி சேர்ந்தார். சட்டப் புத்தகமும் பந்துமாக இருந்து 1978இல் பட்டம் பெற்றார். ஆட்டக்காரர் சங்கத்திலும் பொறுப்பு வகித்தார். ஆட்டக்காரர்களின் உரிமைக்காக லீக்கை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் வாதிகளில் ஒருவராகவும் நின்றார். முதலாளிகளுக்கு இது இனித்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

அதற்குள் இன்னொன்று சேர்ந்துகொண்டது. மனைவி டயேன் புகைப் பழக்கத்தை விட்டொழிக்க ஓடத் தொடங்கினார். கூடவே கணவரும் ஓடினார். உடம்பு இளைத்தது. மலைபோன்ற ஆட்களை முட்டித் தள்ள வேண்டியவர் இளைக்கலாமா? பழைய பலம் இல்லை என்று சொல்லி, 1978 பருவத்தின் நடுவிலேயே குழு அவரை விடுவித்தது. சிகாகோ பேர்ஸ் குழு நூறு டாலர் கட்டணம் கட்டி அழைத்துக்கொண்டது. ஆமாம், வெறும் நூறு டாலர்! பலமில்லை என்று சொல்லப்பட்ட அந்த மனிதர் அங்கே 58 ஆட்டங்கள் ஆடினார். 1981இல் ஓய்வு பெறும்வரை பதினைந்து பருவங்களில் 218 ஆட்டங்கள், ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. இடையில், 1979இல், மாரத்தானும் ஓடி முடித்தார்.

வழக்கறிஞராகவும் ஆனார். 1992இல் மின்னசோட்டா மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போட்டியிட எண்ணினார். அங்கே நீதிபதிகளை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால், பதவியிலிருந்த நீதிபதி ஒருவரின் காலத்தை ஆளுநர் நீட்டிக்கவே, அந்தத் தேர்தல் நின்றுபோனது. மறிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தவரை இப்போது மற்றவர் மறித்தார்கள். பேஜ் வழக்குப் போட்டார். தங்கள் சக நீதிபதி சம்பந்தப்பட்டதால் உச்ச நீதிமன்றத்தார் ஒதுங்கிக்கொள்ள, மாற்று நீதிபதிகள் விசாரித்துத் தேர்தல் நடக்க வேண்டும் என்றார்கள். நின்றார், வென்றார். அந்த நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் கறுப்பர் அவரே. எழுபது வயதில் ஓய்வு பெற்றாக வேண்டும் என்ற விதிப்படி 2015இல் விலகினார்.

1988இல் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டபோது தம்மை அறிமுகப்படுத்தப் பழைய பயிற்சியாளர் எவரையும் அவர் அழைக்கவில்லை. ஒரு பள்ளித் தலைமையாசிரியையை அழைத்தார். தம் உரையிலும் படிப்பைப் பற்றியே பேசினார். அதே ஆண்டு கணவனும் மனைவியுமாகக் கல்வி நிதி ஒன்றைத் தொடங்கினார்கள். உதவி பெறும் மாணவருக்கு ஒரு நிபந்தனை: தம்மிலும் சிறிய பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்கிப் படிப்பில் கைகொடுக்க வேண்டும். பணம் மட்டும் கொடுத்து அனுப்பும் நிதிகளைவிட இது எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது.

ஆட்டத்தில் மூட்டு விலகிய அவருடைய இடக்கைச் சுண்டுவிரல், செங்குத்தாக வெளிப்பக்கம் மடங்கியே நிற்கிறது. பிள்ளைகள் அதையே உற்றுப் பார்ப்பார்களாம். 2013இல் மகளோடு சேர்ந்து அந்த விரலைப் பற்றியே சிறுவர்களுக்கு ஒரு கதைப் புத்தகம் எழுதிவிட்டார்.