ஐந்து வேளை விருந்து



ஷஃபான் மாத விடுமுறைக்காக எங்கள் மதரஸா மூடப்பட்ட மறுநாள், ஒரு சனிக்கிழமை காலையில், நானும் என் மனைவியும் என் தங்கையும் சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில் கடற்கரை வண்டிக்காகக் காத்திருந்தோம். தங்கையின் மகனுக்கும் திருவல்லிக்கேணியைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கும் நிச்சயம் முடிந்து நாற்பது நாட்கள் ஆகியிருந்தன. ஷவ்வாலில் நிக்காஹ். அதற்கு முன் மாப்பிள்ளை வீட்டாரை அழைத்து விருந்தளிப்பது எங்கள் குடும்பங்களின் வழக்கம். தங்கையின் கணவர் மௌத்தாகி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே பெரியவர் என்ற இருக்கை எனக்கு. மருமகன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறான். சனிக்கிழமை வேலை இருந்ததால் ஞாயிறு காலை வந்து சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு.

எழும்பூரில் இறங்கி ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது லுஹருக்கு இன்னும் நேரம் இருந்தது. பெண்ணின் தந்தை பெரியமேட்டில் ஒரு தோல் வியாபாரியிடம் கணக்கு எழுதுபவர். இரண்டு அறையும் ஒரு கூடமும் கொண்ட வாடகை வீடு. நாங்கள் இரவு தங்குவதற்கென்று அதே தெருவில் உறவினர் ஒருவரின் மாடியறையைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார்.

உணவைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. பெண்ணின் தாயார் வாணியம்பாடியில் பிறந்தவர். சீரகச் சம்பா அரிசியில் அவர் தம் போட்டிருந்த பிரியாணியில் அரிசி ஒன்றோடொன்று ஒட்டவில்லை. இறைச்சியோ விரல் பட்டதும் எலும்பை விட்டு விலகியது. உடன் கத்தரிக்காய்ப் பச்சடி, தயிர்ப் பச்சடி, பொரித்த கோழி, முடிவில் பிரெட் அல்வா. மாலையில் சமோசாவும் தம்ரூட்டும். ரவையும் நெய்யும் கோவாவும் சேர்ந்த அந்தத் தம்ரூட்டைச் சூடாகத் தின்றால் இரவு உணவு வேண்டியிராது. ஆனால் இரவு இடியாப்பமும் பாயாவும் வந்தன. ஞாயிறு காலையில் பரோட்டாவும் ஈரல் வறுவலும். பகலில் நெய்ச்சோறு, தால்சா, குருமா, இரண்டு வகை இனிப்பு. ஆக ஐந்து வேளை. நானும் உண்டேன் வாசகர்களே. பிரியாணியை இரண்டாம் முறை கேட்டு வாங்கியே உண்டேன். அதை மறைத்துவிட்டு மற்றதை எழுதுவது முறையாகாது.

சனிக்கிழமை இரவு கை கழுவுவதற்காகக் கொல்லைப்புறம் சென்றேன். சமையலறைக் கதவின் ஆணியில் ஒரு சிறு நோட்டு நூலில் கட்டித் தொங்கியது. கறிக்கடைக் கணக்கு. திறந்திருந்த பக்கத்தில் 'முன் பாக்கி' என்று எழுதி ஒரு தொகையும், அதன் கீழே அன்றைய ஆட்டிறைச்சியும் இரண்டு ஜோடிக் காலும் குறிக்கப்பட்டிருந்தன. உள்ளே அந்த அம்மையார் பகல் சோற்றில் மிஞ்சியதை ஒரு தட்டில் போட்டுக்கொண்டு அப்போதுதான் உண்ண உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிட்டார். கையைக் கழுவியும் கழுவாமலும் திரும்பி வந்தேன்.

அந்த மாடியறையில் எனக்கு உறக்கம் வரவில்லை. விடுமுறைக்கு முன்புதான் மாணவர்களுக்கு வலீமாவின் பாடத்தை நடத்தி முடித்திருந்தேன். மக்காவிலிருந்து வெறுங்கையோடு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் சந்தையில் உழைத்துப் பொருள் சேர்த்து, ஒரு பேரீச்சங்கொட்டையின் எடையளவு தங்கத்தை மஹராகக் கொடுத்து மணமுடித்தார்கள். ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா கொடுக்குமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சொன்னது அவர்களிடம்தான், அதாவது மணமகனிடம். கைபரிலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை நபியவர்கள் மணந்தபோது நடந்த வலீமாவில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. தோல் விரிப்பை விரித்து, பேரீச்சம்பழமும் பாலாடைக்கட்டியும் நெய்யும் வைத்தார்கள். இதையெல்லாம் பரீட்சைக்கு வரும் என்று அடிக்கோடு இடச் சொன்னவன் நான். பெண்ணின் தந்தை கடன் வாங்கி ஐந்து வேளை ஆக்கிப் போடும் வழக்கத்துக்கு எந்தக் கிதாபில் பாடம் இருக்கிறது?

தங்கையிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "என் மகளைக் கொடுத்தபோது நான் செய்யவில்லையா அண்ணா? என் வளையல் இரண்டும் எங்கே போயின என்று உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். தெரியும். கணவரை இழந்த அடுத்த ஆண்டே மகளுக்குச் சீர் செய்தவள் அவள். அன்று மாப்பிள்ளை வீட்டார் விருந்துண்டபோதும் நான் கூடவே இருந்தேன், ஒன்றும் பேசவில்லை. இப்போது பேசுகிறேன் என்றால் அவளுக்குக் கோபம் வராதா?

ஞாயிறு பகல் உணவுக்குப் பின், மருமகனையும் பெண்ணையும் கூடத்தில் எங்கள் முன்னிலையில் உட்காரச் செய்தோம். பெண்ணின் தந்தை சற்றுத் தயங்கினார். மணம் பேசிய பெண்ணைப் பார்த்துக்கொள்ளுமாறு முஃகீரா பின் ஷுஃபா (ரலி) அவர்களை நபியவர்கள் அனுப்பிய செய்தியை எடுத்துச் சொன்ன பிறகு இசைந்தார். பட்டம் பெற்ற பெண். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. மின்விசிறிதான் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவள் மருமகனிடம் அல்ல, என்னிடம் கேட்டாள்.

"மாமா, சீர்ப் பட்டியல் இரண்டு பக்கம் இருக்கிறது. நான் படித்துப் பார்த்தேன். என் மஹர் என்னவென்று அதில் எங்கும் இல்லையே?"

அவள் தந்தை, "ஹஜ்ரத்திடம் இப்படியா பேசுவது?" என்று கடிந்துகொண்டார். மருமகன் தன் தாயைப் பார்த்தான். தங்கை, "வழக்கமாக எழுதும் தொகைதானே, 5,001" என்றாள். பட்டியலில் இருந்த துணி துவைக்கும் இயந்திரத்தின் விலையில் அது மூன்றில் ஒரு பங்கும் வராது.

அஸருக்கு மருமகனை அழைத்துக்கொண்டு வாலாஜா பெரிய பள்ளிவாசலுக்கு நடந்தேன். 1795-ஆம் ஆண்டில், நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் நினைவாக, மரமும் இரும்பும் சேர்க்காமல் கருங்கல்லாலேயே எழுப்பப்பட்ட பள்ளி அது. கட்டிய ஆண்டைக் குறிக்கும் பாரசீகக் கவிதையை எழுதியவர் நவாபிடம் பணிபுரிந்த மக்கன் லால் என்ற இந்துப் பெருமகன். ராயப்பேட்டையிலுள்ள புதுக்கல்லூரியில் நான் பி.ஏ. படித்த நாட்களில் இங்கு நோன்பு திறந்திருக்கிறேன். தேசப் பிரிவினையின்போது சிந்து மாகாணத்திலிருந்து வந்த தாதா ரத்தன்சந்த் அவர்கள் மயிலாப்பூரில் நிறுவிய சூஃபிதார் என்ற அமைப்பின் தொண்டர்கள், ரமளானில் சமைத்த உணவைக் கொண்டுவந்து, தலையில் தொப்பியணிந்து தாமே நின்று பரிமாறுவார்கள். பல பத்தாண்டுகளாக நடந்துவரும் தொண்டு அது. உண்டு முடித்தவர் எழுந்து போய்விடலாம்; பதிலுக்கு எதுவும் வேண்டியதில்லை. அந்த முற்றத்தைக் காட்டி மருமகனிடம் இதைச் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

தொழுகைக்குப் பின் அண்ணா சாலைக்கு நடந்து, 1951-இல் தொடங்கப்பட்ட புஹாரி ஓட்டலில் ஆளுக்கொரு தேநீர் குடித்தோம். தின்ன எதுவும் வாங்கவில்லை, வயிற்றில் இடமில்லை. அங்கேதான் அவன் வாய் திறந்தான்.

"மாமா, மஹர் குறைந்தது எவ்வளவு இருக்கவேண்டும்?"

"ஹனஃபி மத்ஹபில் 10 திர்ஹம். ஏறத்தாழ 30 கிராம் வெள்ளி. ஷாஃபியில் அப்படி ஓர் அளவு இல்லை. அது குறைந்தபட்சம். நீ என்ன கொடுக்க இயலும் என்பது வேறு கேள்வி."

சட்டத்தையும் சொன்னேன். 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம், முஸ்லிம்களின் மஹரை வரதட்சணை என்ற சொல்லின் பொருளிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. மற்றபடி கைக்கூலியோ கேட்டு வாங்கும் சீரோ, கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். தண்டனை பொதுவாக 5 ஆண்டுகளுக்குக் குறையாத சிறை. நம் வீடுகளில் சட்டம் விலக்கி வைத்ததைச் சுருக்கி, சட்டம் தடுத்ததைப் பெருக்கி வைத்திருக்கிறோம். பையன் நெடுநேரம் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தான். மோட்டார் சைக்கிள் வாங்குவதற்காக இரண்டு ஆண்டுகளாகச் சீட்டுக் கட்டிவருவதாகச் சொன்னான்.

மஃரிபுக்குப் பின் கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் அவன் பேசினான். குரல் சற்று நடுங்கியது. மஹர் இரண்டு பவுன் தங்கம். நிக்காஹ் மஜ்லிஸிலேயே கையில் கொடுத்துவிடுவேன். பட்டியலைத் திருப்பி வாங்கிக்கொள்கிறோம். ரமளானில் நோன்புச் சீர் அனுப்பவேண்டாம். பெண்ணின் தந்தை என் முகத்தையும் தங்கையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. பெண் தலை நிமிராமல் உள்ளே போய்விட்டாள். பிறகு என் மனைவி சொன்னாள்: தாயும் மகளும் சமையலறையில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்களாம்.

எட்டரை மணி வண்டியில் மருமகன் கதவருகே நின்றுகொண்டான். தங்கை கூடுவாஞ்சேரி வரும்வரை என்னோடு பேசவில்லை. அவள் மடியில் நான்கு அடுக்குத் தூக்குச் சட்டி இருந்தது; மறுத்தும் கேளாமல் சம்பந்தியம்மாள் நெய்ச்சோறும் குருமாவும் நிறைத்துக் கொடுத்திருந்தார். பொத்தேரி தாண்டியபோது, "நாளைக்கு என் மகள் வந்து, 'உன் மகனுக்கு மட்டும் இந்தச் சட்டமா, என் கல்யாணத்தில் ஏன் இல்லை?' என்று கேட்டால் என்ன சொல்வது?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அவள் கேட்பது நியாயம் என்று மட்டும் சொன்னேன். தங்கை தன் கைப்பையைத் திறந்தாள். பட்டியலைத் திருப்பித் தரப்போகிறாளோ என்று நினைத்தேன். முகத்தைத் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டையை எடுத்தாள்.

மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதைப் பற்றி இன்னும் முடிவாகவில்லை. அதற்காக ரமளான் பிறைக்கு முன் மீண்டும் ஒருமுறை திருவல்லிக்கேணிக்குச் செல்லவேண்டும். அஸர் தொழுதுவிட்டு வருகிறோம், தேநீர் மட்டும் போதும் என்று சம்பந்திக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். "அதெப்படி ஹஜ்ரத்?" என்றார்.