டவுட்டு இருந்தா கேளுங்க, சிரிக்காதீங்க!

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இன்னைக்கும் எழுதற மாதிரி ஐடியா எதுவும் இல்லை. ஆனா காலைல காபி குடிக்கும்போது வாட்ஸப்ல ஒரு படம் வந்தது. பார்த்ததுல இருந்து வயித்தெரிச்சல். அதான் கொட்டிட்டுப் போயிடலாம்னு உட்கார்ந்துட்டேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க.

அந்தப் படம் ஒரு லீவ் லெட்டர். யாரோ ஒரு பையன் கையால எழுதினது. "மை கிராண்ட்மதர் இஸ் எக்ஸ்பயர்டு, கைண்ட்லி கிராண்ட் மீ டூ டேஸ் லீவ்." கீழ நம்ம மக்கள் வரிசையா கண்ணுல தண்ணி வர்ற சிரிப்பு பொம்மை போட்டுத் தள்ளியிருக்காங்க. "பாட்டி என்ன மாத்திரையா, எக்ஸ்பயர் ஆக?"ன்னு ஒருத்தர் கமெண்ட்டு.

ஐயா, செத்தது அவன் பாட்டி. அது ஒண்ணு. ரெண்டாவது, எக்ஸ்பயர்ங்கற சொல்லோட பழைய அர்த்தமே உயிர் பிரியறதுதான். லத்தீன்ல மூச்சை வெளிய விடறதுன்னு பொருள். மாத்திரையும் பாஸ்போர்ட்டும் எக்ஸ்பயர் ஆக ஆரம்பிச்சது அப்புறமாத்தான். அந்த 'இஸ்' வேணா கொஞ்சம் இடிக்குது, அவ்வளவுதான். சிரிச்ச மகானுக்கு சிரிக்கப்பட்டவனை விட இங்கிலீஷ் கம்மியா தெரியுது. பாதி நேரம் இதான் நடக்குது.

நான் யோக்கியனான்னு கேட்டா, இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

மூணு வருஷம் முன்னாடி எங்க டீமுக்கு ஒரு பையன் வந்தான். பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், அப்புறம் எஞ்சினியரிங். கோடு எழுதினா கண்ணுல ஒத்திக்கலாம், அவ்வளவு சுத்தமா இருக்கும். வந்த ரெண்டாவது மாசம் அமெரிக்கால இருக்கற கிளையன்ட்டோட ஆர்க்கிடெக்ட்டுக்கு ஒரு மெயில் போட்டான். "ஐ ஹேவ் மெனி டவுட்ஸ் ஆன் யுவர் டிசைன்."

நமக்குப் புரியும். அவனுக்குக் கேக்கறதுக்குக் கேள்விகள் இருக்கு. பள்ளிக்கூடத்துல "சார், ஒரு டவுட்டு"ன்னு கையைத் தூக்கி வளர்ந்த கூட்டம்தானே நாம. ஆனா அந்த வெள்ளைக்காரருக்கு அது எப்படிப் போய்ச் சேர்ந்தது தெரியுமா? "உன் டிசைன் மேல எனக்கு நம்பிக்கையே இல்லை." மனுஷன் கடுப்பாகி எங்க மேனேஜர் வரைக்கும் போயிட்டாரு.

எங்க லீடு அந்த மெயிலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து டீம் குரூப்ல போட்டாரு. எல்லாரும் சிரிச்சோம். நானும்தான். நான் கூடுதலா ஒரு படி மேல போய், அதை காலேஜ் குரூப்புக்கு வேற அனுப்பி வச்சேன். அந்தப் பையனைத் தனியா கூப்பிட்டு "தம்பி, டவுட்டுன்னா அங்க சந்தேகப்படறதுன்னு அர்த்தம், கொஸ்டின்னு போடு"ன்னு சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரலை. பத்து செகண்டு வேலை!

அதுக்கப்புறம் அவன் கால்ல பேசறதையே நிறுத்திட்டான். மைக்கை ம்யூட்ல போட்டுட்டு, சொல்ல வேண்டியதை எனக்குத் தமிழ்ல தட்டி அனுப்புவான். நான் அதை இங்கிலீஷ்ல பேசுவேன். பேர் எனக்கு. அடுத்த வருஷம் ஆன்சைட் வாய்ப்பு வந்தப்போ "கம்யூனிகேஷன் பத்தாது"ன்னு அவன் பேரை அடிச்சுட்டாங்க. அவன் வேலையை விட்டுட்டுப் போயிட்டான்.

இதுல செம காமெடி என்னன்னா, அந்த ஸ்க்ரீன்ஷாட்டுக்கு மேல எங்க லீடு எழுதின வரி: "லெட் அஸ் டிஸ்கஸ் அபௌட் திஸ்." டிஸ்கஸ்ங்கற சொல்லுக்குள்ளயே 'பத்தி' உட்கார்ந்திருக்கு. 'அபௌட்' தேவையே இல்லை. ஒருத்தரும் சிரிக்கலை. ஏன்னா அவரு லீடு. :-)

சரி, மேட்டருக்கு வருவோம். நாம எல்லாரும் கம்பைலரோட குடும்பம் நடத்தறவங்க. அது எரர், வார்னிங்னு பிரிச்சுத்தான் சொல்லுது. அதுக்கும் கீழ, டேப்பா ஸ்பேஸாங்கற மாதிரி வெறும் ஸ்டைல் சண்டை. இங்கிலீஷ்ல மட்டும் ஏன் எல்லாத்தையும் ஒரே மூட்டைல கட்டி 'தப்பு'ங்கறோம்?

முதல்ல எரர். அர்த்தமே மாறிப்போற தப்பு. மேல சொன்ன டவுட்டு அந்த ஜாதி. இன்னொண்ணு 'பை'யும் 'டில்'லும். "ஐ வில் ஃபினிஷ் டில் மண்டே"ன்னு எழுதினா படிக்கறவன் மண்டை காய்வான். இதுக்கு நம்ம தமிழே மருந்து வச்சிருக்கு. 'திங்கட்கிழமைக்குள்ள'ன்னா 'பை'. 'திங்கட்கிழமை வரைக்கும்'னா 'டில்'. அவ்வளவுதான்! அதே மாதிரி 'சின்ஸ்', 'ஃபார்' குழப்பம். '2022லேர்ந்து'ன்னா 'சின்ஸ்'. 'ரெண்டு வருஷமா'ன்னா 'ஃபார்'. தமிழ்ல இந்த ரெண்டையும் எவனாவது குழப்பிப் பார்த்திருக்கீங்களா? "ரெண்டு வருஷத்துலேர்ந்து"ன்னு சொன்னாக்கூட நாக்கு லேசா தடுக்கும்.

ரெண்டாவது வார்னிங். அர்த்தம் புரிஞ்சிடும், ஆனா திருத்திக்கறது நல்லது. "டிட் நாட் வென்ட்", "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்", "பிஃபோர் டூ டேஸ்", "டுடே மார்னிங்", எல்லாத்துக்கும் வாலா ஒரு "இஸன்ட் இட்". இதுல பலது தமிழ் அப்படியே அச்சு பிசகாம உள்ள வந்து உட்கார்ந்தது. "ரெண்டு நாளைக்கு முன்னாடி"தான் "பிஃபோர் டூ டேஸ்", அங்க 'அகோ'ன்னு போடணும். "இன்னைக்குக் காலைல"தான் "டுடே மார்னிங்", அங்க 'திஸ் மார்னிங்'. நமக்கு "இல்லையா"ன்னு ஒரே வால் எல்லா வாக்கியத்துக்கும் ஒட்டும், அவங்களுக்கு வாக்கியத்துக்கு ஒரு வால் மாத்தணும். 'தி'ங்கற சரக்கே நம்ம மொழியில கிடையாது. ரஷ்யன்லயும் கிடையாது, அவங்களும் இங்கதான் வழுக்கி விழறாங்க. இதெல்லாம் முட்டாள்தனம் இல்லை சாமி. ஒரு மொழியோட இலக்கணத்தை ஒழுங்கா கத்துக்கிட்டவன் இன்னொரு மொழிக்குப் போகும்போது வர்ற தடுமாற்றம்.

"இங்கிலீஷ்லயே யோசி"ன்னு நம்ம வாத்தியாருங்க அடிச்சுச் சொன்னாங்களே, அதுல எனக்கு உடன்பாடே இல்லை. "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்"னு எழுதறவன் தமிழ்ல யோசிச்சிருந்தா தப்பிச்சிருப்பான். "நண்பர்கள்ல ஒருத்தன்"னு பன்மையிலதானே சொல்றோம்? தமிழ் தடுக்கியும் விடும், தூக்கியும் விடும். எங்க தடுக்குதுன்னு தெரிஞ்சவனுக்கு அதை விட நல்ல டிபக்கர் கிடையாது.

மூணாவது வெறும் ஸ்டைல். நம்ம பீட்டர் பார்ட்டிங்க குதிக்கற இடம் பெரும்பாலும் இதான். 'ப்ரீபோன்'னு சொன்னா சிரிப்பாங்க. அந்தச் சொல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குள்ள போய் ரொம்ப நாளாச்சு. போஸ்ட்போனுக்கு எதிர்ப்பதமா அதை வச்சுக்கலாம்னு 1913லயே நியூயார்க் டைம்ஸுக்கு ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்காரு. 'டூ தி நீட்ஃபுல்' வெள்ளைக்காரனே ஒரு காலத்துல எழுதிட்டு இருந்த பிரயோகம். அவன் விட்டுட்டான், நாம பத்திரமா வச்சிருக்கோம். பழசுன்னு சொல்லுங்க, தப்புன்னு சொல்லாதீங்க.

வாக்கியத்தை ப்ரெபொசிஷன்ல முடிக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம் சொல்வாங்க. அதுக்குப் பிள்ளையார் சுழி போட்டது டிரைடன்ங்கற கவிஞர். 1672ல பென் ஜான்சனைக் குறை சொல்லப்போய் ஆரம்பிச்சது. 1926ல ஃபவ்லர் தன்னோட புத்தகத்துல அது வெறும் மூடநம்பிக்கைன்னு போட்டு உடைச்சுட்டாரு. நூறு வருஷம் ஆச்சு, நாம இன்னும் விடலை. 'லெஸ்', 'ஃப்யூவர்' சண்டையும் அப்படித்தான். 1770ல ராபர்ட் பேக்கர்னு ஒருத்தர் "இப்படி இருந்தா நல்லாருக்குமே"ன்னு சொந்த அபிப்பிராயமா எழுதினது, பின்னாடி வந்தவங்க சட்டமாக்கிட்டாங்க. ஒருத்தரைக் குறிக்க 'தே' போடறது இப்போ வந்த ஃபேஷன்னு நினைக்கறீங்களா? பதினாலாம் நூற்றாண்டுல இருந்தே இருக்கு. ஷேக்ஸ்பியரும் ஜேன் ஆஸ்டினும் எழுதியிருக்காங்க.

நம்ம தொழில்லயே பாருங்க. பிரவுசர் அனுப்பற 'ரெஃபரர்' ஹெட்டர்ல ஒரு ஆர் கம்மி. 1996ல வந்த ஹெச்.டி.டி.பி. ஆவணத்துல அந்த எழுத்துப்பிழை அப்படியே ஏறிடுச்சு, இன்னைக்கு வரைக்கும் உலகமே அதைத்தான் அனுப்பிக்கிட்டு இருக்கு. யூனிக்ஸ்ல 'கிரியேட்' கால்ல கடைசி ஈ கிடையாது. யூனிக்ஸை மறுபடி எழுதினா என்ன மாத்துவீங்கன்னு கேட்டதுக்கு கென் தாம்சன் "அந்த ஈயைச் சேர்ப்பேன்"னாரு. பெரியவங்க தப்பு பண்ணா ஸ்டாண்டர்டு, நம்ம பையன் பண்ணா ஸ்க்ரீன்ஷாட்டா?

இப்போ எதிர் கோஷ்டிக்கு வர்றேன். பின்னூட்டத்துல வந்து "தமிழன்டா! இங்கிலீஷ் வெறும் கம்யூனிகேஷனுக்கு, தப்பா இருந்தா என்ன"ன்னு நீங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். அதுவும் போங்குதான். கம்யூனிகேஷனுக்குன்னா, கம்யூனிகேட் ஆகணுமில்ல? டவுட்டு மெயில் ஆகலையே! ஒரு கமா என்ன பண்ணும்னு கேட்டா, அமெரிக்காவுல மெய்ன் மாகாணத்துக்குப் போங்க. ஓவர்டைம் சட்டத்துல, எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கிடையாதுங்கற பட்டியல்ல, கடைசில ஒரு கமா இல்லாம இருந்தது. அனுப்பறதுக்காக பேக் பண்றதும் விநியோகமும் தனித்தனி வேலையா, இல்லை ரெண்டுக்காகவும் பேக் பண்றது மட்டுமான்னு தெளிவா இல்லாம இருந்தது. ஓக்ஹர்ஸ்ட் பால் கம்பெனியோட டிரைவருங்க கேஸ் போட்டாங்க. 2017ல அப்பீல் கோர்ட் அவங்க பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு, 2018ல 50 லட்சம் டாலருக்கு சமரசம். அந்தக் கமாவுக்கு விலை இருக்கு சாமி.

"அதான் மெயிலைத் திருத்தித் தர ஏஐ வந்துடுச்சே"ன்னும் சொல்வீங்க. தரும். ஆனா கால்ல வாயைத் திறந்து பேசும்போது பக்கத்துல உட்கார்ந்து சொல்லாது. பேசற தைரியத்தையும் தராது. "கேள்வி கேட்கணும்"னு நீங்களே சொல்லாத வரைக்கும், நீங்க நிஜமாவே சந்தேகப்படறீங்கன்னு அதுவும் நினைச்சுக்கலாம்.

அதனால தப்பைக் கண்டுக்காதீங்கன்னு நான் சொல்லலை. திருத்தணும். திருத்தாம விடறதும் ஒரு வகை துரோகம்தான். ஆனா எப்படின்னு ஒரு முறை இருக்கு. எரரை உடனே சொல்லுங்க, தனியா சொல்லுங்க. வார்னிங்கை ஒரு தடவைக்கு ஒண்ணா சொல்லுங்க, ஏன் தப்புன்னு தமிழ்ல விளக்குங்க. ஸ்டைலை விட்டுத் தொலைங்க. நாலு பேர் முன்னாடி திருத்தினா அது திருத்தம் இல்லை, அவமானம். குரூப்ல ஃபார்வர்டு பண்ணா அது அதுவும் இல்லை, பொறுக்கித்தனம். நான் பண்ணது அதான்.

இன்னொரு விஷயமும் உறுத்துது. 'முயற்ச்சி'ன்னு எழுதற பதிவரைப் பார்த்து யாராவது இப்படி விழுந்து விழுந்து சிரிச்சிருக்கோமா? ற்-க்குப் பக்கத்துல ச் வராதுங்க. "தட்டச்சுப் பிழை தல"ன்னு பின்னூட்டத்துல பாசமா ஒரு வரி போட்டுட்டுப் போறோம். 'வாழ்த்துக்களா வாழ்த்துகளா'ன்னு நாப்பது பின்னூட்டம் சண்டை போட்டாலும் கடைசில டீ குடிக்கக் கூப்பிடறோம். சொந்த மொழியில தடுக்கினா பாசம், அடுத்தவன் மொழியில தடுக்கினா கேவலமா? இங்கிலீஷ் தெரியாதது அறிவு இல்லாததுன்னு மனசுக்குள்ள எங்கயோ நம்பறோம். அந்த நம்பிக்கைதான் சிரிப்பா வெளிய வருது.

போன மாசம் அந்தப் பையனோட நம்பரைத் தேடிப் புடிச்சு மெசேஜ் பண்ணேன். நடந்ததுக்கு மன்னிப்பு கேட்டேன். இப்போ வேற ஊர்ல வேற கம்பெனியில இருக்கானாம், நல்லா இருக்கானாம். டவுட்டுங்கற சொல்லுல அப்படி என்ன தப்புன்னு அவனுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியலையாம். சிரிச்சது மட்டும் தெரியும், ஏன்னு தெரியாது. விளக்கினேன். கொஞ்ச நேரம் கழிச்சு பதில் வந்தது.

"இவ்ளோதானாண்ணா? அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல."

சொல்லியிருக்கலாம்.

டிஸ்கி 1: அந்த லீவ் லெட்டர் உங்க குரூப்புக்கும் வரும். வந்தா அனுப்பாதீங்க, ப்ளீஸ்.

டிஸ்கி 2: இந்தப் பதிவுல ஒற்றுப்பிழை இருந்தா பின்னூட்டத்துலயே போட்டுத் தாக்கலாம். நான் லீடு இல்லை. :-)