செடி கொடி படிச்சு என்ன பண்ணப் போறா?

திண்டிவனத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவர் பெண் பிளஸ் டூவில் நல்ல மார்க். நீட் தேர்வில்தான் எட்டவில்லை. "இன்னொரு வருஷம் கோச்சிங் போ என்றால் மாட்டேன் என்கிறாள். பி.எஸ்ஸி. பாட்டனிதான் படிப்பேன் என்று ஒரே பிடிவாதம். 'செடி கொடி படிச்சு என்ன பண்ணப் போறா?' என்று மாமியார் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்களாவது சொல்லுங்களேன்" என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, இதே கேள்வியை இரண்டு வருஷத்துக்கு முன்னால் விழுப்புரத்தில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து என் நாத்தனார் கேட்டார். நானோ வாயே திறக்காமல் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். இத்தனைக்கும் அந்தக் கூடத்தில் பாட்டனி படித்தவள் நான் ஒருத்திதான்!

படித்தவள் என்றால் இரண்டு வருஷம். மூன்றாம் வருஷம் தொடங்குமுன் வரன் வந்துவிட்டது. "நல்ல இடம், விடக்கூடாது. கல்யாணத்துக்கு அப்புறம் முடிச்சுக்கலாம்" என்றார்கள். அப்புறம் என்பது வரவேயில்லை. மிஞ்சியது ஒரு பெரிய ஏடு. செடிகளைப் பறித்து, காகிதத்துக்கிடையில் அழுத்திக் காயவைத்து ஒட்டிய ஹெர்பேரியம் ஏடு. ஆவாரை, துத்தி, குப்பைமேனி, நெருஞ்சி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர், பறித்த இடம், தேதி. செஞ்சி மலை அடிவாரம் என்றும் வீடூர் அணைக்கரை என்றும் என் கையெழுத்திலேயே இருக்கும். இருபது வருஷத்துக்கு மேல் பரணில் கிடந்தது. ஒரு போகிக்கு வீடு ஒழிக்கும்போது என் சின்னவள் கையில் சிக்கியது.

"இது உன் கையெழுத்தாம்மா? அப்புறம் ஏம்மா விட்டுட்டே?"

என்ன சொல்ல! அன்றிலிருந்து அவளுக்குச் செடிப் பைத்தியம் பிடித்தது. எனக்கோ பயம் பிடித்தது. வேலை கிடைக்குமா என்ற பயம் இல்லை. இவள் படிப்பும் பாதியில் நின்று பரணுக்குப் போய்விடுமோ என்ற பயம்.

அப்பா பேசினால் கேட்பாள் என்று அவளைத் திண்டிவனத்துக்கு அழைத்துப் போனேன். பஸ் முண்டியம்பாக்கத்தைத் தாண்டும்போது அரசு மருத்துவக் கல்லூரியைப் பார்க்காமல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நானும் ஒன்றும் பேசவில்லை. பெற்ற வயிறு, என்ன செய்ய?

அப்பா திண்ணையில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். (வெளியூர் வாசகிகள் வேர்க்கடலை என்று படித்துக்கொள்ளவும்.) விஷயத்தைச் சொன்னேன். அவர் பேத்தியைப் பார்த்து, "டி.எம்.வி. ரெண்டுன்னா என்னா தெரியுமா?" என்றார்.

"டி.எம்.வி.ன்னா திண்டிவனம், தாத்தா. இங்க இருக்கிற எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-ல கொடுத்த ரகம்" என்றாள் பட்டென்று.

கிழவருக்கு ஒரே குஷி. பழைய கொடி மல்லாட்டையில் காய் அங்கங்கே இறங்கிக் கிடக்குமாம், மண்வெட்டி போட்டுத் தோண்டவேண்டுமாம். இந்தக் கொத்து ரகம் வந்த பிறகு தூரோடு பிடுங்கினால் காய் அத்தனையும் கூடவே வந்துவிட்டதாம், சீக்கிரமும் விளைந்ததாம். "எவனோ ஒருத்தன் வெயில்ல குந்திக்கிட்டு ஒவ்வொரு செடியா பாத்து, நல்லதை மட்டும் பொறுக்கி, திரும்ப வெதைச்சு, திரும்பப் பொறுக்கி எடுத்திருக்கான். நாம மூணு தலைமுறையா தின்னுறோம். அந்த வேலைதானே ஒம் பொண்ணு கேக்குறா?" என்று என்னையே மடக்கினார்.

அவர் சொன்னது மெய்தான். குடியாத்தம் பக்கத்துக் கொத்துக்கடலையிலிருந்து தேர்ந்தெடுத்த ரகம் அது. ஆந்திரம், கர்நாடகம் என்று வெளி மாநிலங்களிலும் பல பத்தாண்டுகள் அதை விதைத்தார்கள். எள்ளிலும் டி.எம்.வி. ரகங்கள் உண்டு. உங்கள் வீட்டு நல்லெண்ணெயில்கூட உங்கள் ஊர்ப் பெயர் ஒளிந்திருக்கலாம், சகோதரி. மல்லாட்டையில் இரண்டு ரகத்தைக் கலப்பது எப்படி என்று கேட்டால் அசந்துபோவீர்கள். மாலையில் மொட்டைப் பிரித்து, அதற்குள் இருக்கும் மகரந்தப் பைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். மறுநாள் காலை பூ விரிந்ததும் இன்னொரு செடியின் மகரந்தத்தைத் தடவவேண்டும். கொஞ்சம் அழுத்தினால் பூ போச்சு. மல்லிகை தொடுக்கிற விரல்களுக்கு இது வராதா என்ன?

ஒன்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது. இன்றைக்கு இப்படிப் புது ரகம் உண்டாக்கும் வேலைக்குப் பெரும்பாலும் வேளாண்மைப் பட்டம் கேட்கிறார்கள். பி.எஸ்ஸி. அக்ரி வேறு, பி.எஸ்ஸி. பாட்டனி வேறு. உங்கள் பெண்ணுக்கு வயலில்தான் ஆசை என்றால் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். சேர்ந்த பிறகு தெரிந்துகொண்டு அழுவதில் பிரயோசனமில்லை.

பாட்டனியில் பி.எஸ்ஸி.யோடு நிறுத்தினால் அது ஒரு டிகிரி, அவ்வளவுதான். எந்த டிகிரிக்கும் உள்ள பரீட்சைகளை எழுதலாம். படித்த படிப்பிலேயே வேலை வேண்டுமென்றால் எம்.எஸ்ஸி. கட்டாயம். அதோடு பி.எட். முடித்தால் ஆசிரியர் தேர்வு வாரியப் பரீட்சை எழுதி மேல்நிலைப் பள்ளி ஆசிரியை ஆகலாம். கல்லூரியில் பாடம் நடத்த நெட், செட் தேர்வு அல்லது டாக்டர் பட்டம். நெட் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறிவிட்டால் ஆராய்ச்சி செய்யும்போதே பணம் வரும். 2023 முதல் அது மாதம் 37,000 ரூபாய். "படிக்க வைக்க எங்கே போவேன்" என்று கவலைப்படும் அப்பாக்களிடம் இந்த ஒரு வரியை உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

தாவரங்களைக் கணக்கெடுக்க 1890-லேயே தொடங்கிய இந்தியத் தாவரவியல் ஆய்வகத்துக்கு நம் கோயமுத்தூரில் ஒரு மையம் இருக்கிறது. வனத்துறை அதிகாரியாக வரும் ஐ.எஃப்.எஸ். தேர்வுக்குப் பாட்டனி பட்டம் செல்லும். திசு வளர்ப்பில் வாழைக்கன்று உண்டாக்கும் கூடங்களிலும், மூலிகை வாங்கும் மருந்துக் கம்பெனிகளிலும் ஆள் தேவை. கடையில் கீழாநெல்லி என்று கேட்டால் அதே ஜாதியில் மூன்று நான்கு இனங்களைக் கலந்து கொடுத்துவிடுகிறார்கள். எது அசல் என்று பிரித்துச் சொல்ல யாராவது படித்திருக்க வேண்டாமா?

ஆக, வழி இருக்கிறது. ஆனால் நீளமான வழி. பி.எஸ்ஸி. மூன்று, எம்.எஸ்ஸி. இரண்டு, அதற்குமேல் பி.எட். அல்லது ஆராய்ச்சி. நடுவில் பெண்ணுக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு ஆகும். வரன் வருவதும் சரியாக அப்போதுதான்! உங்கள் மாமியார் கேட்கும் கேள்விக்கு அடியில் இருப்பதும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்ஜினீயரிங் நாலு வருஷத்தில் முடிந்துவிடும், கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொள்ளலாம். இது அப்படி முடிகிற படிப்பில்லை.

ஜானகி அம்மாளைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1897-ல் தலச்சேரியில் பிறந்தவர். சென்னையில் ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்துவிட்டு, பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வீட்டில் கல்யாணம் பேசினார்கள். அவர் உதவித்தொகையில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி., 1931-ல் டாக்டர் பட்டம். 1934-ல் கோயமுத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து, கரும்பை மக்காச்சோளத்தோடும் மற்றப் புல் இனங்களோடும் கலந்து ஆராய்ந்தார். அப்புறம் இங்கிலாந்து. பயிர்களின் குரோமோசோம்களைப் பற்றி டார்லிங்டன் என்பவரோடு சேர்ந்து 1945-ல் ஒரு பெரிய நூல். 1951-ல் நேரு கூப்பிட்டு, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கத் திரும்பி வந்தார். 1977-ல் பத்மஸ்ரீ. கடைசிக் காலத்தில் மதுரவாயலில் இருந்த சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில்தான் வாசம். 1984-ல் காலமாகும் வரை செடிகளோடுதான் இருந்தார். லண்டனுக்குப் பக்கத்தில் விஸ்லி தோட்டத்தில் அவர் பெயரால் ஒரு வெள்ளை மக்னோலியா பூக்கிறது.

அவரைப்போல் உங்கள் பெண்ணும் தனியாக இருக்கட்டும் என்றா சொல்கிறேன்? சேச்சே. கல்யாணம் செய்து வையுங்கள், பேரன் பேத்தி பாருங்கள். பெண் பார்க்க வருகிறவர்களிடம் முதல் நாளே, "படிப்பு இன்னும் இத்தனை வருஷம் இருக்கு, முடிக்கவேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். இதைச் சொல்லவேண்டிய நேரத்தில் என் அம்மாவுக்குத் தைரியம் வரவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

கல்லூரியில் சேர்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். தோட்டம் இருக்கிறதா, பிள்ளைகள் கையில் மைக்ராஸ்கோப்பைக் கொடுக்கிறார்களா, வருஷத்துக்கு ஒரு தடவையாவது மலைக்கோ காட்டுக்கோ செடி சேகரிக்க அழைத்துப் போகிறார்களா என்று விசாரியுங்கள். கூட வரும் ஆசிரியைகள் யார் என்பதையும்தான்.

என் சின்னவள் இப்போது இரண்டாம் வருஷம். நான் நிறுத்திய அதே இடம். நாத்தனாருக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்பீர்கள். "முதலில் முடிக்கட்டும்" என்றேன். அதற்கே எனக்கு இருபது வருஷத்துக்கு மேலாகியிருக்கிறது.

போன வாரம் அவள் மேஜையைத் துடைக்கும்போது என் பழைய ஏடு திறந்து கிடந்தது. கீழாநெல்லி என்று நான் மையில் எழுதியதைப் பென்சிலால் அடித்து, மேலாநெல்லி என்று திருத்தியிருந்தாள். "என்னடி இது?" என்றேன். "கீழாநெல்லி இலை சின்னதும்மா. இது பாரு, அடியில ஒடுங்கி நுனியில அகலமா இருக்கு. உங்க மேடம் கவனிக்கலையா?" என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி.