மச்சி, ஹாட்ஸ்பாட் போடேன்!

ஹாஸ்டலில் ஒரு நாளைக்கு அதிகமாகக் காதில் விழும் வாக்கியம் எது? "சாப்டியா?" என்று நினைத்தால் தப்பு. "மச்சி, ஒரு அஞ்சு நிமிஷம் ஹாட்ஸ்பாட் போடேன்" என்பதுதான். நீங்களும் கேட்டிருப்பீர்கள், உங்களிடமும் கேட்டிருப்பார்கள். அந்த அஞ்சு நிமிஷம் எப்போதும் அஞ்சு நிமிஷத்தில் முடிந்ததில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும்.

போன செமஸ்டரில் ஒரு ராத்திரி நானும் அப்படித்தான் கேட்டேன். ரூம்மேட் எதுவும் சொல்லாமல் போனைச் சார்ஜில் போட்டு, ஹாட்ஸ்பாட்டையும் ஆன் பண்ணிவிட்டுத் தூங்கப் போனான். மினி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை மெயிலில் அனுப்பி முடித்தேன். லேப்டாப்பை மூடாமல் அப்படியே தூங்கிவிட்டேன். பொதுவாக எந்தக் கருவியும் இணைப்பில் இல்லை என்றால் ஆண்ட்ராய்டு போன் கொஞ்ச நேரத்தில் ஹாட்ஸ்பாட்டைத் தானே அணைத்துவிடும். ஆனால் என் லேப்டாப்தான் விடிய விடிய இணைப்பிலேயே இருந்ததே! விண்டோஸ் அப்டேட் சாவகாசமாக இறங்கியது. 12 மணிக்கு அவனுக்குப் புது நாளின் 2 ஜி.பி. வந்தது. காலையில் நாங்கள் எழுந்தபோது அதுவும் காலி.

அன்று 10 மணிக்கு அவனுக்கு ஒரு கம்பெனியின் ஆன்லைன் முதல் சுற்றுத் தேர்வு. நான் வகுப்புக்குப் போய்விட்டேன். பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்ததும் டவர் பிரச்சினை என்று நினைத்து மூன்று முறை போனை ரீஸ்டார்ட் செய்திருக்கிறான். டேட்டா தீர்ந்துவிட்டது என்ற எஸ்.எம்.எஸ்.ஸை அதற்கப்புறம்தான் பார்த்திருக்கிறான். ஒரு டேட்டா பேக் போடலாமே என்று கேட்பீர்கள். அதற்கு யு.பி.ஐ. ஆப் திறக்க வேண்டும், ஆப் திறக்க நெட் வேண்டும். அதுவும் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. அவன் உள்ளே நுழைந்தபோது லாகின் நேரம் முடிந்திருந்தது. மத்தியானம் வந்து "சாரிடா" என்றேன். "பரவால்ல விடு" என்றான். அவன் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

முதல் தப்பு என்னுடையது. அதை ஒப்புக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆனால் இது என்னோடு முடியும் விஷயம் இல்லை.

ஹாட்ஸ்பாட் என்பது என்ன? உங்கள் போன் ஒரு குட்டி ரௌட்டராக மாறுகிறது. ஒரு பக்கம் டவரோடு பேசுகிறது, இன்னொரு பக்கம் லேப்டாப்புக்கு ஒரு ஐ.பி. முகவரி கொடுத்து இணையத்தைக் கைமாற்றிவிடுகிறது. இந்த வசதி ஆண்ட்ராய்டில் 2010-லும் ஐபோனில் 2011-லும் வந்தது. அதற்கு முன்னால் போனைக் கேபிளில் மாட்டி, *99# டயல் செய்து நெட் எடுத்த கதையைச் சீனியர் அண்ணன்களிடம் கேட்டுப் பாருங்கள். அன்று இணைப்பு கிடைப்பதே பெரிய விஷயம். இன்று இணைப்பு சுலபம், அளவுதான் பிரச்சினை. போனுக்கு டேட்டாவின் அருமை தெரியும், ஏனென்றால் அது அளந்து செலவழிக்கப் பழகியது. லேப்டாப்புக்கு ஹாட்ஸ்பாட்டும் வீட்டு பிராட்பேண்டும் ஒன்றுதான், இரண்டுமே வெறும் வை-ஃபை. அப்டேட், கிளவுட் பேக்கப், பின்னால் திறந்து கிடக்கும் முப்பது டேப் என எல்லாம் சேர்ந்து உறிஞ்சும். குடத்துத் தண்ணீரில் மோட்டாரைப் போட்ட கதை.

குடம் காலியானதும் வேகம் 64 கே.பி.பி.எஸ். ஆகிறது. நாம் இன்ஜினியரிங் படிக்கிறோம், கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நொடிக்கு 8 கிலோபைட். ஒரு எம்.பி. இறங்க 2 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு தேர்வுப் பக்கம் 5 எம்.பி. இருந்தால் முழுசாகத் திறக்கவே 10 நிமிடம் தாண்டும். இதை "அன்லிமிடெட்" என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

அந்தக் குடத்தின் விலையையும் பாருங்கள். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்றின. ஜியோவில் 28 நாளுக்குத் தினம் 1.5 ஜி.பி. தரும் திட்டம் 239 ரூபாயிலிருந்து 299 ஆனது. 28 நாள் கணக்கு என்பதால் வருடத்துக்கு 12 அல்ல, 13 முறை ரீசார்ஜ். அந்த விலையில் 13 முறை போட்டால் 3,887 ரூபாய். எந்த ஃபீஸ் ரசீதிலும் வராத ஃபீஸ் இது. அசைன்மென்ட் ஆன்லைன், குவிஸ் ஆன்லைன், பிளேஸ்மென்ட் பயிற்சி ஆன்லைன். இவ்வளவும் ஆன்லைனில் இருக்க, மாலை 5 மணிக்கு மேல் ஹாஸ்டல் அறையில் கல்லூரி வை-ஃபை எட்டுவதில்லை. மிச்சத்தை யார் தலையில் கட்டுகிறோம்? வீட்டிலிருந்து மாதாமாதம் ரீசார்ஜ் போட்டுவிடும் அப்பா தலையிலும், கேட்டால் மறுக்கத் தெரியாத ரூம்மேட் தலையிலும்தான்.

"ஹாஸ்டலுக்கு வை-ஃபை கொடுத்தால் பசங்க ரீல்ஸ்தான் பார்ப்பாங்க" என்ற பதில் வரும் என்று தெரியும். நியாயமாக யோசிப்போம். ரீல்ஸ் பார்க்க நினைப்பவன் இப்போதும் தன் போனில், தன் டேட்டாவில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். வை-ஃபை இல்லாததால் நிற்பது ரீல்ஸ் அல்ல. லேப்டாப் தேவைப்படும் வேலைதான் நிற்கிறது. வி.எல்.எஸ்.ஐ. லேபுக்கு விவாடோ வேண்டும், அதை இறக்கப் பல பத்து ஜி.பி. வேண்டும். தினம் 1.5 ஜி.பி.யில் அதை எத்தனை நாளில் இறக்குவது? லைப்ரரியில் நாலு பேர் தூங்குகிறார்கள் என்பதற்காக யாரும் லைப்ரரியைப் பூட்டுவதில்லையே.

2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. குறிப்பிட்ட நேரங்களில் போன் பயன்படுத்தக் கூடாது என்ற விடுதி விதியை ஏற்காததால் ஒரு மாணவி வெளியேற்றப்பட்ட வழக்கு அது. இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று சொல்லி, அவரைத் திரும்பச் சேர்க்க நீதிமன்றம் உத்தரவிட்டது. நாம் வழக்குப் போடச் சொல்லவில்லை. நம் கோரிக்கை ஆடம்பரம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

கேட்பது மூன்றே விஷயம். ஒன்று, எல்லோரும் தனித்தனியாக இறக்கும் மென்பொருட்களை, லினக்ஸ் பேக்கேஜ்கள் உட்பட, கல்லூரி சர்வரில் ஒருமுறை இறக்கி லேனில் வைக்கலாம். என்.பி.டி.இ.எல். வீடியோக்களையும் அப்படியே இறக்கி வைக்க முடியும். இதற்குப் பெரிய செலவு இல்லை, ஒரு சர்வரும் நாலு ஆர்வமுள்ள மாணவர்களும் போதும். இரண்டு, கம்பித் தொடர்போடு ஒரு லேப் இரவு 10 மணி வரை திறந்திருக்கட்டும். ஆன்லைன் தேர்வு உள்ளவர்கள் அங்கே உட்கார்ந்து எழுதட்டும். மூன்று, 80 எம்.பி. ஸ்கேன் நோட்ஸை வாட்ஸ்அப்பில் போடும் நம் ஆசிரியர்களும், அதையே ஃபார்வர்டு செய்யும் நாமும், கொஞ்சம் சுருக்கி அனுப்பலாம்.

அது வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

விண்டோஸில் ஹாட்ஸ்பாட் இணைப்பின் பிராப்பர்ட்டீஸுக்குப் போய் "மீட்டர்டு கனெக்ஷன்" என்பதை ஆன் செய்யுங்கள். பெரும்பாலான அப்டேட்டுகள் காத்திருக்கும். "தானாக இணை" என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். டேட்டா கேபிள் கையில் இருந்தால் யு.எஸ்.பி. டெதரிங் போடுங்கள். வை-ஃபை நெரிசல் தொந்தரவு இருக்காது, போனும் சார்ஜ் ஆகும். லேப்டாப்பின் வை-ஃபை கார்டு செத்துப்போனவர்களுக்கு இன்னொரு உபயோகம்: பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்கள் தான் பிடித்த வை-ஃபையையும் கேபிள் வழியே லேப்டாப்புக்குக் கொடுக்கும். ஆன்லைன் தேர்வு அன்று டேட்டா பேக்கை முந்தின நாளே போட்டு வையுங்கள். இரண்டாவது சிம்மை அணைத்து வையுங்கள், பல போன்களில் அதில் கால் வந்தால் முதல் சிம்மின் டேட்டா நின்றுவிடும்.

கடைசியாக ஒன்று. ஹாட்ஸ்பாட் கேட்பதில் தப்பில்லை. இல்லை என்று சொல்லாமல் கொடுக்கும் நண்பர்களால்தான் நம் ஹாஸ்டலில் பாதி அசைன்மென்ட் முடிகிறது. ஆனால் வாங்குகிற நாம், அது அவனுடைய நாளில் ஒரு பங்கு என்று நினைத்து வாங்குவோம். அவன் இன்னும் கேட்டால் கொடுக்கிறான். நான்தான் மாறியிருக்கிறேன். "ஹாட்ஸ்பாட் போடேன்" என்பதற்கு முன்னால் இப்போது ஒரு கேள்வி கேட்கிறேன்: "மச்சி, உனக்கு இன்னிக்கு எவ்ளோ மிச்சம் இருக்கு?"